‘கம்பெனி விதியோடு உடன்படாமல் போனதுண்டா?’: நேர்காணலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முழுமையான வழிகாட்டி

“நிறுவனம் கொண்டுவந்த ஒரு மாற்றத்தை நீங்கள் ஏற்காத சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்.” இந்தக் கேள்வி வந்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். “அப்படி எதுவும் இல்லை சார், நான் எதற்கும் சட்டென்று பழகிக்கொள்வேன்” என்று நழுவிவிடுகிறார்கள். இல்லையென்றால், பழைய அலுவலகத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. இரண்டுமே மதிப்பெண்ணைக் குறைக்கும்.

வேலை தேடுகிறவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்தும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். பதிலில் சரக்கு இருக்கிறது, வரிசைதான் தவறு. விதி ஏன் மோசம் என்பதில் தொடங்குகிறார்கள். நிறுவனம் அதை ஏன் கொண்டுவந்தது என்பதைச் சொல்வதே இல்லை. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தது நிற்காது.

1. என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

காதில் ஒன்றுபோல விழும் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

முதல் வகை, நடந்ததைக் கேட்பது: “ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்.” இதற்கு ஒரே ஒரு உண்மைச் சம்பவம் வேண்டும். “பொதுவாக நான் என்ன செய்வேன் என்றால்...” என்று ஆரம்பித்தால் கேட்பவருக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது. முறையாக நடத்தப்படும் நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். நீங்கள் செய்ததாகச் சொல்வது மட்டுமே அந்தத் தாளில் ஏறும்.

இரண்டாவது, கற்பனைச் சூழல்: “நாளைக்கு உங்களுக்குச் சரியென்று படாத ஒரு விதி வந்தால் என்ன செய்வீர்கள்?” இதற்கு நீங்கள் செய்யப்போவதை வரிசையாகச் சொல்லலாம். கடைசியில், முன்பு அப்படிச் செய்த ஒரு சம்பவத்தை இரண்டு வரியில் சேர்த்தால் பதிலுக்கு எடை கூடும்.

மூன்றாவது, ஆட்களை நடத்துகிறவர்களுக்கானது: “உங்களுக்கே பிடிக்காத ஒரு விதியை டீமில் அமல்படுத்த வேண்டியிருந்ததா?” இதை 8-வது பகுதியில் பார்ப்போம்.

நான்காவது கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: “எங்களிடம் வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வர வேண்டும். உங்களுக்கு எப்படி?” இங்கே அவர்கள் கதை கேட்கவில்லை, நிபந்தனை சொல்கிறார்கள். இதற்குப் போய்ப் பழைய சம்பவத்தைச் சொன்னால் மழுப்புவது போலத் தோன்றும். இது கடைசிப் பகுதியில் வருகிறது.

எந்த வகை என்று பிடிபடவில்லையா? “முன்பு நடந்த ஒன்றைச் சொல்லட்டுமா, இல்லை இப்படி வந்தால் என்ன செய்வேன் என்று சொல்லட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

2. உட்காருவதற்கு முன் கையில் வேண்டியவை

ஒரு தாள், பேனா, நீங்கள் விண்ணப்பித்த வேலையின் அறிவிப்பு. இந்த மூன்றும் போதும்.

தாளில், நீங்கள் வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் வந்த மாற்றங்களை எழுதுங்கள். “எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லையே” என்பவர்கள் ‘கொள்கை’ என்றதும் இயக்குநர் குழு கையெழுத்திடும் பெரிய ஆவணத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வருகைப்பதிவு முறை, ஷிப்ட் நேரம், விடுப்பை எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பது, செலவுக் கணக்குக்கு யார் அப்ரூவல் தருவது, வீட்டிலிருந்து வேலை, புதிய சாஃப்ட்வேர், பாஸ்வேர்டு விதி, தினசரி ரிப்போர்ட், இன்னொருவர் சரிபார்த்த பிறகே எதையும் வெளியே அனுப்ப வேண்டும் என்பது என எல்லாமே இதில் சேரும்.

மாற்றத்துக்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: அது யாரைப் பாதித்தது, நீங்கள் யாரிடம் பேசினீர்கள், கடைசியில் என்ன முடிவானது. மூன்றில் ஒன்று காலியாக இருந்தால் அந்தச் சம்பவத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய நிறுவனத்தின் சுற்றறிக்கை, மெயில், வாடிக்கையாளர் பெயர், உள்கணக்கு எதையும் வெளியே எடுத்துச் சொல்ல வேண்டாம். அந்த வீட்டு விஷயத்தை இங்கே சொல்பவர் இந்த வீட்டு விஷயத்தை வேறெங்கோ சொல்வார் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

3. சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேலையைப் பாதித்த விதியாக இருக்க வேண்டும். உங்கள் சௌகரியத்தை மட்டும் தொட்ட விதி உதவாது. “விடுப்பைக் குறைத்தார்கள், எனக்குக் கஷ்டமாக இருந்தது” என்பது நியாயமான மனக்குறைதான், ஆனால் அதில் உங்கள் வேலைத்திறன் தெரியாது. அதே விடுப்பு விதியால் ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் வேலை நின்றது என்றால் அது நல்ல சம்பவம்.

நீங்களே ஏதாவது செய்திருக்க வேண்டும். மனசுக்குள் புழுங்கியதும் கேன்டீனில் பேசிக்கொண்டதும் கணக்கில் வராது.

விவகாரம் முடிந்திருக்க வேண்டும். இன்னும் வழக்கிலோ புகாரிலோ இருக்கும் ஒன்றைத் தொட வேண்டாம்.

சம்பளம், போனஸ், பதவி உயர்வு, ஒரு குறிப்பிட்ட மேலாளரின் குணம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், அதை நிரூபிப்பதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்ததை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் போகும் நிறுவனத்திலும் அதே விதி இருக்கிறதா என்று வேலை அறிவிப்பில் பாருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு கையெழுத்து கேட்கும் கணக்குப் பிரிவுக்குப் போய், “இரண்டு கையெழுத்து முறையை நான் எதிர்த்தேன்” என்று சொல்வது நீங்களே கதவை மூடிக்கொள்வது மாதிரி. சம்பவம் நல்லதுதான், ஆனால் அந்த இடத்துக்குப் பொருந்தாது. இதற்காகவே இரண்டு சம்பவங்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

4. எதிர்ப்பை எழுதும் முன் நிறுவனத்தின் காரணத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

அந்த விதியை நிறுவனம் ஏன் கொண்டுவந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். செலவு கட்டுமீறியதா, தணிக்கையில் ஏதாவது மாட்டியதா, யாராவது தவறாகப் பயன்படுத்தினார்களா, தகவல் பாதுகாப்பா, சட்டம் மாறியதா, கிளைக்கு ஒரு நடைமுறை என்று இருந்ததை ஒன்றாக்கினார்களா? எந்த விதிக்கும் பின்னால் இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விதியைக் கொண்டுவந்தவர் அந்த இரண்டு வரியைப் படித்தால், “ஆமாம், இதற்காகத்தான்” என்று தலையாட்டுவாரா? ஆட்ட மாட்டார் என்றால் திருப்பி எழுதுங்கள். “எங்களை நம்பாததால்தான் கொண்டுவந்தார்கள்” என்பதை அவருடைய காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அது உங்கள் கோபம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நேர்காணல் நடத்துபவருக்கு உங்கள் பழைய நிறுவனத்தின் விதி சரியா தவறா என்று தெரியாது. தீர்ப்புச் சொல்லவும் அவர் உட்காரவில்லை. உங்களுக்குப் பிடிக்காத ஒரு முடிவு வந்த நாளுக்கும், அதை நீங்கள் பின்பற்றத் தொடங்கிய நாளுக்கும் இடையில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார். மறுபக்கத்தின் காரணத்தை நியாயமாக எடுத்துச் சொல்ல முடிந்தவர், எதிர்ப்பதற்கு முன் புரிந்துகொள்ள முயன்றிருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று.

பலரும் பயன்படுத்தும் ‘ஸ்டார்’ முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. நல்ல முறைதான். ஆனால் அந்த நான்கு கட்டங்களில் ‘மறுபக்கத்தின் காரணம்’ என்று ஒரு கட்டம் இல்லை. அதனால்தான் அந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறவர்கள்கூட இந்தக் கேள்வியில் அதை விட்டுவிடுகிறார்கள். சூழலுக்கும் செயலுக்கும் நடுவில் அதை நீங்களாகச் சேர்க்க வேண்டும்.

காரணம் அப்போது தெரியாது, நீங்களும் கேட்கவில்லை என்றால், கேட்டதாகக் கதை கட்டாதீர்கள். “அப்போது காரணம் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், செலவுக் கட்டுப்பாட்டுக்காக இருக்கலாம் என்று படுகிறது” என்று சொன்னால் போதும். கட்டிய கதை துணைக் கேள்வியில் உடைந்துவிடும்.

5. பதிலை இந்த வரிசையில் கட்டுங்கள்

வரிசை இது: என்ன மாற்றம், நிறுவனத்தின் காரணம், உங்களுக்குத் தெரிந்த சிரமமும் அதற்கான ஆதாரமும், யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், என்ன முடிவானது, அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்ப்போம். வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஒருவர் முதல் முறை சொல்வது இப்படித்தான் இருக்கும்:

“ரீஃபண்டுக்கு அப்ரூவல் வேண்டும் என்று திடீரென்று ஒரு ரூல் போட்டார்கள். வேலை எப்படி நடக்கிறது என்றே தெரியாதவர்கள் மேலே உட்கார்ந்து போட்ட ரூல் அது. வாடிக்கையாளர்கள் எங்களைத்தான் திட்டினார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போய்ப் பேசினோம். கடைசியில் மாலை ஷிப்டுக்கு இன்னொரு ஆளைப் போட்டார்கள்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் மனதில் பதிவது “மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது” என்ற தொனி மட்டும்தான். இந்த மனிதர் தனியாக என்ன செய்தார் என்பதும் தெரியவில்லை. இப்போது அதையே வரிசை மாற்றி:

“ஆன்லைன் விற்பனை நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவையில் இருந்தேன். அதுவரை ரீஃபண்டை நாங்களே கொடுத்துவிடுவோம். எந்த ரீஃபண்டானாலும் சூப்பர்வைசர் அப்ரூவல் வேண்டும் என்று மாற்றினார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போனது தணிக்கையில் தெரியவந்ததுதான் காரணம். அந்தக் கவலை நியாயமானது.

“சிக்கல் மாலை ஷிப்டில் வந்தது. அந்த நேரத்தில் ஒரே ஒரு சூப்பர்வைசர்தான் இருப்பார். சின்னத் தொகைக்குக்கூட வாடிக்கையாளர் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த ரீஃபண்ட் எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தேன். நின்றவற்றில் பெரும்பாலானவை சிறு தொகைகள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு டீம் லீடிடம் தனியாகப் பேசினேன். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ளதை நாங்களே கொடுக்கலாமா, வாரம் ஒருமுறை அதைச் சரிபார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“அவர் மேலே கொண்டுபோனார். தொகை வரம்பு வேண்டாம் என்று முடிவானது. ஒரே ஆளுக்குச் சிறு சிறு தொகையாகப் பலமுறை போக வாய்ப்பு உண்டு என்றார்கள். அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் மாலை ஷிப்டுக்கு அப்ரூவல் தர இன்னொருவரை நியமித்தார்கள். அதன் பிறகு எல்லா ரீஃபண்டையும் அப்ரூவலோடுதான் செய்தேன். காத்திருக்கும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்லலாம் என்று ஒரு சிறு குறிப்பு எழுதி ஷிப்டில் இருந்தவர்களுக்கும் கொடுத்தேன். மறுநாளுக்குத் தள்ளிப்போவது வெகுவாகக் குறைந்தது.”

இரண்டாவது பதிலில் கவனிக்க வேண்டியவை சில.

“அந்தக் கவலை நியாயமானது” என்ற மூன்று சொற்கள் எதிர்ப்பு வருவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு என்ன குறை சொன்னாலும் அது குறையாக ஒலிக்காது, வேலை தெரிந்தவர் பேசுவதாக ஒலிக்கும்.

பட்டியல் எடுத்தது ஆதாரம். “எல்லோரும் கஷ்டப்பட்டார்கள்” என்பதை யாரும் மறுக்கலாம். எவ்வளவு நேரம் நின்றது என்ற குறிப்பை மறுக்க முடியாது. உங்கள் சம்பவத்தில் எண்ணிக்கை இல்லையென்றால் பரவாயில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு நடந்ததைத் துல்லியமாகச் சொன்னாலும் போதும். இல்லாத எண்ணை மட்டும் உருவாக்க வேண்டாம்.

‘டீம் லீடிடம் தனியாக’ என்பது இரண்டு விஷயத்தைக் காட்டுகிறது. அடுத்த படியில் இருப்பவரைத் தாண்டிப் போகவில்லை. எல்லோர் முன்னாலும் அவரைச் சங்கடப்படுத்தவும் இல்லை. குழு மெயிலில் எதிர்ப்பைப் போட்டுவிட்டு அதைத் துணிச்சல் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்பவர் அதைத் துணிச்சலாக எடுத்துக்கொள்வது அபூர்வம்.

வெறும் குறையோடு போகவில்லை, மாற்று யோசனையோடு போயிருக்கிறார். அந்த யோசனை நிறுவனத்தின் கவலையையும் கணக்கில் எடுக்கிறது. வாரச் சரிபார்ப்பு அதற்காகத்தான். 4-வது படியைச் செய்யாதவருக்கு இந்த மாதிரி யோசனை தோன்றாது.

கடைசியாக, ‘நாங்கள்’ ‘நான்’ ஆகியிருக்கிறது. அடக்கத்துக்காக ‘நாங்கள்’ என்று சொல்லப் பழகியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். குழு செய்ததைக் குழு செய்ததாகவே சொல்லுங்கள். நீங்கள் செய்ததை ‘நான்’ என்று சொல்லுங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்வதில் அடக்கம் குறைந்துவிடாது.

6. முடிவு உங்களுக்கு எதிராகப் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள்

“நான் சொன்னேன், உடனே விதியை மாற்றிவிட்டார்கள்” என்று முடியும் சம்பவத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். என் அனுபவத்தில், பாதி ஏற்கப்பட்டு பாதி மறுக்கப்பட்ட சம்பவமே வலுவானது. முழுக்க மறுக்கப்பட்டதும் நன்றாகவே வேலை செய்யும்.

காரணம் எளிது. ஜெயித்த கதையில் நீங்கள் பிடிக்காத விதியோடு வாழ வேண்டியிருக்கவில்லை. தோற்ற கதையில் வாழ்ந்தீர்கள். வேலைக்கு எடுப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த இரண்டாவது பகுதியைத்தான், ஏனென்றால் அவருடைய நிறுவனத்திலும் உங்கள் பேச்சு எடுபடாத நாட்கள் வரும்.

அமேசான் நிறுவனம் வெளிப்படையாக வெளியிட்டிருக்கும் தலைமைப் பண்புகளில் ஒன்று இதைப் பற்றியதுதான்: கருத்து வேறுபட்டால் தைரியமாகச் சொல், முடிவான பிறகு முழுமையாக ஈடுபடு. அதன் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் 2016-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், தன் குழு தயாரிக்க விரும்பிய ஒரு நிகழ்ச்சியில் தனக்கு உடன்பாடு இல்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் முழு ஆதரவோடு சம்மதித்ததை எடுத்துக்காட்டாக எழுதியிருந்தார். முதலாளியே குழுவின் முடிவுக்கு இறங்கிவந்த சம்பவம் அது. இந்தப் பழக்கத்தை மதிக்கும் இடங்களில், ‘சொன்னேன்’ என்பதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். ‘அப்புறம் எப்படி ஈடுபட்டேன்’ என்பதைக் கட்டாயம் கேட்பார்கள்.

ஈடுபட்டதைக் காட்ட ஒரு செயல் வேண்டும். “அப்புறம் ஏற்றுக்கொண்டேன்” என்பது வெறும் சொல். மேலே பார்த்த பதிலில் வாடிக்கையாளருக்கான குறிப்பை எழுதிக் கொடுத்தது செயல். விதி சரியாக நடக்க நீங்கள் செய்த ஏதாவது ஒன்றைத் தேடி எடுங்கள்: புதியவருக்குச் சொல்லிக் கொடுத்தது, படிவத்தைச் சுருக்கிக் கொடுத்தது, எதுவானாலும் சரி.

விதி பின்னால் சரியென்று நிரூபணமானால் அதையும் சொல்லிவிடுங்கள். தவறென்று நிரூபணமானால், “நான் அப்போதே சொன்னேன்” என்ற தொனி வராமல் ஒரே வரியில் கடந்துவிடுங்கள்.

7. எல்லைக்கோட்டைத் தெரிந்துவைத்திருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கக்கூடிய விதிகளுக்கு. சட்டத்தை மீறச் சொல்வது, ஆட்களின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தானது, கணக்கைத் திரிப்பது, வாடிக்கையாளரை ஏமாற்றுவது ஆகியவை வேறு கணக்கு. அங்கே ‘முடிவான பிறகு முழுமையாக ஈடுபட்டேன்’ என்பது தவறான பதில்.

சில நேர்காணல்களில் இதை வேண்டுமென்றே சோதிப்பார்கள்: “மேனேஜர் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிப் போகச் சொன்னால்?” பணிவைக் காட்டுகிறேன் என்று “அவர் சொன்னபடி செய்வேன்” என்று சொல்லிவிடாதீர்கள்.

பதில் இந்த வரிசையில் இருக்கட்டும். முதலில், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று கேட்பேன். அவசரத்தில் சொன்ன சொல்லாக இருக்கலாம். அப்படித்தான் என்றால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று காரணத்தோடு சொல்வேன். எழுத்தில் பதிவு செய்வேன். பிறகு அடுத்த மேலதிகாரியிடமோ, புகார் சொல்ல நிறுவனம் வைத்திருக்கும் வழியிலோ தெரிவிப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் இப்படி ஒரு உள்வழி இருக்க வேண்டும் என்கிறது. வேறு இடங்களிலும் பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் இருக்கும்.

உடனே ஊடகத்துக்குப் போவேன், வேலையை விட்டுவிடுவேன் என்று எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம். உள்ளே பேசிப் பார்க்காமலே வெளியே போகிறவர் என்ற எண்ணம் விழும்.

இன்னொரு பக்கமும் தவறு நடக்கிறது. வெறும் அசௌகரியத்தை அறப் பிரச்சினை மாதிரி ஊதுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னதை மனசாட்சியின் போராட்டமாகச் சொன்னால், உண்மையிலேயே பெரிய விஷயம் வரும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

8. அனுபவம் இல்லாதவர்களும், டீம் நடத்துபவர்களும்

இப்போதுதான் படிப்பு முடித்தவரா? ஆய்வகத்தில் வந்த புதிய விதி, புராஜெக்ட் குழுவில் பாதியில் மாறிய வேலைப் பங்கீடு, பயிற்சிக்குப் போன இடத்தின் நடைமுறை எல்லாமே பொருந்தும். வரிசை ஒன்றுதான். “எனக்கு வேலை அனுபவம் இல்லை, அதனால் சொல்ல முடியாது” என்று மட்டும் முடித்துவிடாதீர்கள்.

டீம் நடத்துகிறவர்களுக்குக் கேள்வி கடினமாகிறது. உங்களுக்குப் பிடிக்காத விதியை, அதே விதி பிடிக்காத ஆட்களிடம் எடுத்துப்போக வேண்டும். இங்கே மிக மோசமான பதில் இதுதான்: “மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், எனக்கும் இஷ்டமில்லை, என்ன செய்ய என்று டீமிடம் சொன்னேன்.” டீமோடு நெருக்கமாக இருப்பதாக நினைத்து இதைச் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ, இவர் கையில் எந்த முடிவைக் கொடுத்தாலும் இப்படித்தான் கைவிடுவார் என்று தோன்றும்.

அதே சமயம், அந்த விதி உங்களுக்கு ரொம்பப் பிடித்ததாக டீம் முன்னால் நடித்தேன் என்பதும் நம்பும்படி இருக்காது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதில் மூன்று துண்டுகள். எதிர்ப்பை மேலே, டீமுக்குத் தெரியும் முன்பே சொன்னேன். முடிவான பிறகு, விதியையும் அதன் காரணத்தையும் டீமிடம் என் வாயாலேயே சொன்னேன். யார் மேலும் பழி போடவில்லை. நடைமுறையில் வந்த சிக்கல்களைக் கேட்டுத் தொகுத்து, குறிப்பிட்ட தேதியில் மறுபடி மேலே கொண்டுபோனேன். “இது உங்களுக்குச் சிரமம் என்று தெரியும். ஒரு மாதம் செய்து பார்ப்போம், எங்கே இடிக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள், நான் கொண்டுபோகிறேன்” என்று டீமிடம் சொன்னதை அப்படியே நேர்காணலிலும் சொல்லலாம். நீங்கள் ஆட்களிடம் எப்படிப் பேசுவீர்கள் என்பது அதில் நேரடியாகத் தெரியும்.

9. துணைக் கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

சம்பவத்தைச் சொல்லி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. அது உண்மையா, நீங்கள் யோசித்தீர்களா என்பதைத் துணைக் கேள்விகளில்தான் பார்ப்பார்கள். இவை அடிக்கடி வருபவை:

“உங்கள் டீம் லீடிடம் நான் கேட்டால் இதைப் பற்றி என்ன சொல்வார்?” பதறாதீர்கள். அவர் உங்களிடம் உடன்படாத ஒன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். “பட்டியல் எடுத்தது உதவியது என்பார், இன்னும் சீக்கிரம் வந்து சொல்லியிருக்கலாம் என்றும் சொல்வார்.”

“அவர்கள் காதே கொடுத்திருக்காவிட்டால்?” விதியைப் பின்பற்றியிருப்பேன், சிக்கல்களைத் தொடர்ந்து குறித்துவைத்து, அடுத்த மறுபரிசீலனையில் ஒருமுறை எடுத்திருப்பேன் என்று சொல்லலாம். ‘ஒருமுறை’ என்பது முக்கியம். முடியாது என்ற பிறகும் வாரா வாரம் போய் நிற்பவரை யாருக்கும் பிடிக்காது.

“இப்போது செய்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்?” இதற்கு ‘எதுவும் இல்லை’ என்று சொல்லாதீர்கள். சிறியதாக, உண்மையான ஒன்று இருக்கட்டும்.

“அதனால்தான் அந்த வேலையை விட்டீர்களா?” ஆம் என்றால், விட்டதன் பெரிய காரணத்தை ஒரு வரியில் சொல்லி, வரப்போகும் வேலையில் என்ன தேடுகிறீர்கள் என்பதற்கு வந்துவிடுங்கள். பழைய இடத்தைப் பற்றி மூன்றாவது வாக்கியம் வந்தாலே அது புகாராகிவிடும்.

10. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

எழுதியதை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வாக்கியத்தையும், நிறுவனத்தின் காரணத்தையும், கடைசியில் நீங்கள் செய்த செயலையும் மட்டும் நினைவில் வையுங்கள். நடுவில் இருப்பது நடந்த சம்பவம், தானாக வரும். மனப்பாடம் செய்தவர்கள் ஒரு சொல் தவறினால் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

நேர்காணல் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே பயிற்சி செய்யுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் சரியான அளவு. மூன்றைத் தாண்டினால், சூழலை விவரிப்பதில்தான் நேரம் போயிருக்கும், அங்கே வெட்டுங்கள்.

கேட்கும்போது இரண்டு சொற்களை வேட்டையாடுங்கள்: ‘திடீரென்று’, ‘அவர்களுக்கு என்ன தெரியும்’. எழுத்தில் நீக்கியிருந்தாலும் பேசும்போது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இன்னும் கோபம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது குரல் உயர்ந்துகொண்டே இருந்தால், இப்போதைக்கு உங்கள் இரண்டாவது சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிரித்த முகத்தோடு சொன்னாலும் மனக்கசப்பு வெளியே தெரிந்துவிடும்.

11. அவர்களுடைய விதியைப் பற்றியே கேட்டால்

“எங்களிடம் வார இறுதியிலும் சுழற்சி முறையில் வேலை உண்டு. உங்களுக்குச் சரிதானே?” இதற்கு ஒப்பிக்கும் பதில் வேண்டாம். உண்மையான பதில் தேவை, ஏனென்றால் நாளை அந்த விதியோடு வாழப்போவது நீங்கள்.

முடியும் என்றால் “முடியும்” என்று சொல்லி நிறுத்துங்கள். முடியாது என்றால், எது முடியாது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: “மாதத்தில் இரண்டு வார இறுதி என்னால் முடியும். அதற்கு மேல் என்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.” வேலை கிடைக்க வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சேர்ந்த பிறகு எதிர்ப்பவருக்கு 4-வது படியிலிருந்து எதுவும் எடுபடாது. விதி முன்பே சொல்லப்பட்டது, நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள், அது நியாயமும்கூட.

முடிவெடுக்கத் தகவல் போதவில்லை என்றால் கேளுங்கள். “இந்த முறை ஏன் வந்தது, சுழற்சி எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று காரணத்தை முதலில் கேட்பது, நீங்கள் இதுவரை சொன்ன பதிலோடும் ஒத்துப்போகும். அவர் சொல்லும் விளக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் ஆம் அல்லது இல்லையைச் சொல்லுங்கள்.